பெட்டிக்குப் பின்னால் நடக்கிறவர்கள்

"பாத்திரத்தை விடு மன்னஸ்."

மன்னஸ் விடவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு படுக்கையறை வாசலில் நின்றான். இன்னொரு காதை ஃபென்னா பிடித்திருந்தாள். தண்ணீர் ஆடிக் கொஞ்சம் அவன் காலுறையில் சிந்தியது.

"நானே கொண்டாந்து வைக்கிறேன்."

"வச்சிட்டு? பக்கத்துல நின்னு பாக்கப் போறியா? போய்யா அந்தப் பக்கம். மாடு கத்துறது காதுல விழல?"

மாடு கத்துவது உண்மைதான். அவன் கையை எடுத்தான். ஃபென்னா உள்ளே போய்க் குதிகாலால் கதவைத் தள்ளினாள். கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளவில்லை. பழைய கதவு, மழைக்காலத்தில் உப்பிவிடும்.

உள்ளே கட்டிலில் மன்னஸின் பெண்டாட்டி டீனா கிடந்தாள். வசந்தகாலத்திலிருந்து படுக்கை. இன்று விடியும் நேரத்தில் போய்விட்டாள். மன்னஸ் யாரையும் கூப்பிடவில்லை, ஃபென்னா தானாகத்தான் வந்தாள். அவள் வீட்டுச் சமையலறையிலிருந்து பார்த்தால் இந்த ஜன்னல் தெரியும். விலகியிருக்க வேண்டிய திரை விலகவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மக்காச்சோளம் அறுத்த வயலைக் குறுக்கே தாண்டி, கட்டைச் செருப்பில் சேறு அப்ப வந்துவிட்டாள். பின்வாசலில் மன்னஸின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "தண்ணி போடு" என்று மட்டும் சொன்னாள்.

ஜெர்மன் எல்லையை ஒட்டிய இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் அண்டைவீடு உண்டு. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, தாத்தாக்கள் காலத்திலேயே முடிவானது. பிள்ளை பிறந்தாலும், வைக்கோல் எரிந்தாலும், சாவு விழுந்தாலும் முதலில் வர வேண்டியது அந்த வீடு. அதிலும் சாவு என்றால் வீட்டாருக்கு வேலையே கிடையாது. குளிப்பாட்டுவது, ஊருக்குச் சொல்வது, பெட்டி தூக்குவது, கோயில் மணி அடிப்பது, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றுவது எல்லாம் அண்டைவீட்டார் பாடு. அதை முன்னால் நின்று நடத்துவது முதல் வீடு. வீட்டார் பெட்டிக்குப் பின்னால் நடப்பார்கள், அவ்வளவுதான். இதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்வது இல்லை. நன்றி கடைக்காரனுக்குச் சொல்வது. அண்டைவீட்டுக்காரனிடம் சொன்னால் சண்டைக்கு வருவான்.

டீனாவின் வீட்டுக்கு முதல் வீடு ஹார்மும் அவன் பெண்டாட்டி ஃபென்னாவும்.

மன்னஸ் மாட்டுக்கூடத்துக்குப் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே ஃபென்னா பேசிக்கொண்டிருந்தாள்.

"கையத் தூக்குடி. ம்... தூக்கு. என்னிக்கு நீயா தூக்கியிருக்க, நான்தான் இழுக்கணும். தலையைப் பாரு, காக்காக் கூடு. நேத்துதானே சீவி விட்டேன்."

துணி பிழியும் சத்தம் கேட்டது. மறுபடி பேச்சு. யாருடைய பிளம் ஜாம் போன வருஷம் பூஞ்சை பூத்துப்போனது என்பதைப் பற்றி ஏதோ. பிறகு சத்தம் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. மன்னஸ் எதையும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. கதவு இடுக்கில் கண்ணை வைத்தான்.

ஃபென்னா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். டீனாவின் ஒரு கால் அவள் மடியில் இருந்தது. கழுவிய கால், துடைக்காத கால். அதிலிருந்து தண்ணீர் சொட்டி ஏப்ரன் நனைந்துகொண்டிருந்தது. துண்டு தோளிலேயே கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அழவும் இல்லை. இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மன்னஸ் பின்வாங்கிப் போய்ப் பால் கறந்தான்.

அவன் திரும்பி வந்தபோது அவள் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் எப்போதும் போல இருந்தது.

"முடிஞ்சிது. நீலச் சட்டை போட்டிருக்கேன். அவ கேட்டது அதுதான். போய்ப் பாரு. நான் காப்பி போடுறேன், நீ போட்டா மனுஷன் குடிக்க முடியாது."

*

சற்று நேரத்தில் ஹார்ம் வந்தான். தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டு வழக்கப்படி சுவர்க் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினான், நடையில் இருந்த கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். அதற்குப் பிறகுதான் மன்னஸைப் பார்த்தான்.

"சாப்டியா?"

"இல்ல."

"சாப்பிடு. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். பெட்டிக்கும் சொல்லிடுறேன். வெள்ளிக்கிழமை அடக்கம், சரியா?"

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். போன் இருக்கிற காலம்தான். ஆனால் சாவைப் போனில் சொல்வது நாய்க்குச் சோறு எறிகிற மாதிரி என்பது ஹார்மின் எண்ணம்.

மன்னஸ் இந்த வீட்டில் பிறந்தவன் இல்லை. சதுப்பு நிலத்தில் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டுகிற கூட்டத்திலிருந்து வந்து டீனாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கியவன். அங்கே ஒருவன் உன் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்தால் அவன் எதையோ எடுக்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். இங்கே கல்யாணமான மறுவாரமே ஹார்ம் கேட்காமல் நுழைந்தான், வைக்கோல் அள்ளும் முள்கரண்டியை எடுத்துக்கொண்டு போனான். மன்னஸ் அன்றைக்கே சந்தைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கித் தொழுவத்துக்குப் போட்டான். ஹார்ம் வந்து பூட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல பூட்டு. சாவி எங்க?" என்றான். மன்னஸ் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு கோடையில் ஈரம் காயாத வைக்கோல் உள்ளுக்குள்ளேயே புழுங்கித் தீப்பிடித்தது. மன்னஸ் ஊரில் இல்லை, சாவி அவன் பையில். ஹார்ம் கோடரியால் பூட்டை உடைத்து மாடுகளை வெளியே இழுத்தான். அதில் இடது கை வெந்து இன்றுவரை விரல்கள் முழுசாக மடங்காது. கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே அதே மாதிரி ஒரு புதுப் பூட்டை வாங்கிக்கொண்டு வந்தான். "உடைச்சவன் நான்தானே" என்றான். மன்னஸ் அதை வாங்கி ஆணியில் மாட்டினான். ஒருநாளும் பூட்டியதில்லை. அதைப் பற்றி இருவரும் பேசியதும் இல்லை.

ஃபென்னாவுக்குப் பிள்ளை இல்லை. மன்னஸின் ஒரே மகள் கெர்டா பாதி நாள் அவள் சமையலறையில்தான் வளர்ந்தாள். அதிலும் முதலில் மன்னஸுக்குச் சந்தேகம், பிள்ளையை மயக்குகிறாளோ என்று. டீனா சிரித்தாள். "மயக்கட்டுமே. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

டீனா படுத்ததிலிருந்து தினமும் காலையில் ஃபென்னா வந்தாள். புரட்டிப் போட்டாள், துடைத்தாள், தலை சீவினாள், ஊட்டினாள், திட்டினாள். மன்னஸுக்கு அதெல்லாம் கை வராது. மாடு கன்று போட்டால் தோள்வரை கையை விடுவான், பெண்டாட்டி வாந்தி எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். அதை ஃபென்னா ஒருநாளும் குத்திச் சொன்னதில்லை. மற்ற எல்லாவற்றையும் குத்திச் சொல்வாள்.

*

சாயங்காலம் ராட்டர்டாமிலிருந்து கெர்டாவும் அவள் புருஷன் சாண்டரும் வந்தார்கள். கெர்டா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து ஃபென்னாவின் தோளில் சாய்ந்து அழுதாள். ஃபென்னா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்தாள்.

எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹார்ம் யார் யார் தூக்குவது என்று சொன்னான். தான் முன்னால், இரண்டாவது அண்டைவீட்டு ரூலொஃப் எதிர்ப்பக்கம், பிறகு மற்ற வீடுகள்.

சாண்டர் நல்ல பையன்தான். ஆனால் வாயை மூடத் தெரியாது.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இதுக்குன்னே கம்பெனி இருக்கு. ஆறு பேரு வருவாங்க, கறுப்பு சூட்டு, எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்க. வயசானவங்க எதுக்குச் சிரமப்படணும்?"

ஹார்ம் மெதுவாகத் திரும்பினான்.

"அந்த ஆறு பேரும் டீனாவைப் பாத்திருக்கானுங்களா?"

"இல்ல... அது எதுக்கு?"

"பின்ன எதைத் தூக்குறோம்னு அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?"

கெர்டா மேசைக்கு அடியில் புருஷன் காலை மிதித்தாள். ஹார்ம் ஒரு சின்னக் கிளாஸில் சாராயத்தை ஊற்றி அவன் பக்கம் தள்ளினான். "குடி மாப்ள. ரொம்ப தூரம் ஓட்டிக்கிட்டு வந்திருக்க, மூளைக்கு ரத்தம் ஏறலை."

சாண்டரும் சிரித்துவிட்டான். கெர்டாகூட.

ஃபென்னா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "திராட்சை ரொட்டி நானே சுட்டுடுறேன். ஹாமும் சீஸும் அலெய்டா கொண்டாருவா. நீங்க எல்லாம் கல்லறைலருந்து குளிர்ல வருவீங்க, உள்ள நுழையும்போது காப்பி சூடா இருக்கணும். அதனால நான் காலைலயே மண்டபத்துக்குப் போயிடுவேன்."

"கோயிலுக்கு வரலையா சித்தி?" என்றாள் கெர்டா.

"எப்படி வர்றது? நூறு பேருக்கு ரொட்டி வெட்ட வேணாமா?"

"அம்மாவைப் புதைக்கும்போதுகூடவா?"

"அப்பத்தான்டி வேலை அதிகம். நான் முதல் வீடு." பால் பொங்கியது. ஃபென்னா எழுந்து போனாள்.

மன்னஸ் மேசையின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் காலையில் கதவு இடுக்கில் பார்த்தது கண்ணிலிருந்து போகவில்லை. டீனாவைக் குழியில் இறக்கும்போது இவள் மண்டபத்தில் கத்தியும் கையுமாக நிற்பாள். வெள்ளிக்கிழமை முழுக்க ஏப்ரனில் நிற்பாள், மறுநாள் எழுந்து தன் மாட்டைப் பார்ப்பாள். அழுவதற்கு இவளுக்கு என்று ஒரு இடம் இந்த ஊர் வைக்கவில்லை.

அவள் குழிக்கு வர வேண்டும். அதற்கு ஒரே வழி, அவள் வீட்டு ஆளாக வருவது. வீட்டு ஆள் காப்பி ஊற்ற மாட்டாள். வீட்டு ஆள் பெட்டி தூக்க மாட்டான். ஹார்மும் ஃபென்னாவும் பெட்டிக்குப் பின்னால் நடக்க வேண்டுமென்றால் முதல் வீட்டு வேலையை வேறு வீடு செய்ய வேண்டும்.

இது விளையாட்டு இல்லை. ஒரு வீட்டிடமிருந்து அந்த வேலையை எடுப்பது அந்த வீட்டின் முகத்தில் அறைவது. நிலத்தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள்கூட சாவு என்றால் வந்து தூக்கிவிட்டுப் பேசாமல் போவார்கள். எடுத்ததாக மன்னஸ் கேள்விப்பட்டது ஒரே ஒரு வீடு. அந்த இரண்டு குடும்பமும் இன்றுவரை கோயிலில் ஒரே பக்கம் உட்காருவது இல்லை.

*

மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரூலொஃப் வீட்டுக்குப் போனான். ஹார்ம் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான். முதலில் அங்கே சொல்லியிருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஹார்மிடம் சொல்லிவிட்டு, ரூலொஃப் மாட்டேன் என்றுவிட்டால்? எதையும் கையில் பிடிக்காமல் வாயைத் திறக்கிறவன் இல்லை மன்னஸ். அப்படித்தான் எழுபத்தைந்து வயதையும் கடந்திருக்கிறான்.

ரூலொஃப் களத்தில் பீட்ரூட்டைக் கொட்டிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அலெய்டா வாசலில் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை நீ முன்னால நில்லு" என்றான் மன்னஸ். "மணி, வண்டி, தூக்குறது எல்லாம் நீ பாத்துக்க. காப்பி அலெய்டா பாத்துக்கட்டும்."

ரூலொஃப் கூடையைக் கீழே வைத்தான். "ஹார்முக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான்."

"பின்ன? சண்டையா?"

"சண்டை இல்ல."

"இங்க பாரு மன்னஸ், இதுல நான் மாட்டிக்க முடியாது. நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மூஞ்சில முழிக்கறது என் பாடு. நீ செய்வியா மாட்டியா? அதைச் சொல்லு."

ரூலொஃப் பெண்டாட்டியைப் பார்த்தான். அலெய்டா மன்னஸைப் பார்த்தாள், கொஞ்ச நேரம்.

"ஃபென்னாகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லுவேன்."

"சரி. செய்யறோம்" என்றாள்.

அங்கிருந்து நேராக ஹார்ம் வீட்டுக்குப் போயிருந்தால் கதை வேறு. மன்னஸ் கல்லறைக்குப் போனான். குழி சரியாக வெட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும், அவர்கள் மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை. குழி சரியாகத்தான் இருந்தது. அங்கே நின்று, ஹார்மிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்தான். ஒன்றும் வரவில்லை. இந்த நேரத்துக்குள் அலெய்டா, பெரிய காப்பிப் பானைகள் ஃபென்னாவிடம் இருக்கின்றனவே என்று போன் செய்து கேட்டுவிட்டாள். மன்னஸ் முன்பே சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

*

ஹார்ம் வீட்டுப் பின்கதவு தாழ் போட்டிருந்தது.

மன்னஸ் கைப்பிடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தான். இந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தட்டினான். தட்டும்போது கூச்சமாக இருந்தது. இந்த வீட்டில் தட்டுகிறவன் வரி கேட்க வருகிறவன்தான்.

ஹார்ம் திறந்தான். வழி விடவில்லை.

"என்ன வேணும்?"

"உள்ள வரணும்."

"எதுக்கு? பானைக்கா? அதோ வாசல்ல வச்சிருக்கு. எடுத்துட்டுப் போ."

பானைகள் வரிசையாக இருந்தன. துடைத்துப் பளபளவென்று. பக்கத்தில் ஒரு கூடை, துணி போட்டு மூடியது. திராட்சை ரொட்டி வாசனை வந்தது.

"ஹார்ம்."

"என்னய்யா செஞ்சோம் நாங்க?" ஹார்ம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "சொல்லு. எதுல குறை வச்சோம்? அப்பன் காலத்துலருந்து இந்த வீடு அந்த வீட்டுக்குத் தூக்கியிருக்கு. டீனாவோட அப்பாவை நான் தூக்கினேன். அவங்க அம்மாவை நான் தூக்கினேன். இப்ப ரூலொஃப் தூக்குவானா? அவன் போன தடவை கல்லறைக் கேட்டுல பெட்டியை இடிச்சான், தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

மன்னஸ் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தான். ஃபென்னா சமையல் மேடையில் மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. மாவு போன பிறகும் சுரண்டினாள்.

"ஃபென்னா" என்றான்.

"ரொட்டியையும் எடுத்துட்டுப் போ. அலெய்டாவுக்குத் திராட்சை ரொட்டி வராது, நடுவுல வேகாது." திரும்பவில்லை.

"நேத்து நான் உடனே மாட்டுக்குப் போகல."

கத்தி நின்றது.

"கதவு சாத்தல. பாத்தேன்" என்றான் மன்னஸ். "அவ காலை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்த."

ஹார்ம் அவனைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியின் முதுகைப் பார்த்தான். அவனுக்கு அது தெரியாது.

"அதுக்கு?" என்றாள் ஃபென்னா. குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"வெள்ளிக்கிழமை அவளைக் குழியில இறக்குவாங்க. நீ ரொட்டி வெட்டிக்கிட்டு நிப்ப."

"யாராவது வெட்டணும்ல."

"அதுக்குத்தான் அலெய்டா."

"அப்ப தூக்குறது?" என்றான் ஹார்ம். "நான் தூக்கினா உனக்கு என்ன? நானா அவ கால்மாட்டுல உக்காந்திருந்தேன்?"

இவ்வளவு நீளமாக மன்னஸ் யாரிடமும் பேசியதில்லை, டீனாவிடம்கூட. "பெட்டிக்குப் பின்னால நாங்க மூணு பேரு. நான், கெர்டா, அந்த ராட்டர்டாம்காரன். டீனாவுக்கு அக்கா தங்கச்சி உண்டா? அண்ணன் உண்டா?"

"ஊரே வரும்யா அவளுக்கு."

"ஊரு வேற."

ஹார்ம் கதவு நிலையில் கையை ஊன்றினான்.

"வீட்டு ஆளு தூக்க மாட்டான்" என்றான் மன்னஸ். "இந்த ஊர்ல பொறந்தவன் நீ. உனக்கு நான் சொல்லணுமா?"

அடுப்பில் ஏதோ வெடித்து அடங்கியது. ஹார்ம் வாசலிலிருந்து நகர்ந்தான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மடங்காத விரல்களால் முகத்தை ஒருமுறை மேலிருந்து கீழே துடைத்தான்.

"இதை முதல்ல இங்க வந்து சொல்லியிருக்கக் கூடாதா, மடப்பயலே? காலைலருந்து என் ரத்தத்தைக் கொதிக்க வச்சிட்ட."

"ரூலொஃப் ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்கலேன்னா!" ஹார்ம் ஃபென்னாவிடம் திரும்பினான். "கேட்டியா இவனை? கரி வெட்டுறவன் புத்தி. பரலோகத்துக் கதவைத் தட்டிப் பாத்துட்டுத்தான் சாவான்."

ஃபென்னா ஏப்ரனை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். கடைசியில் திரும்பினாள். கண் சிவந்திருந்ததா, அடுப்புச் சூடா, மன்னஸ் பார்க்கவில்லை.

"என் கறுப்புக் கோட்டுக்குப் பித்தான் சேராது" என்றாள். "எனக்கு எதுக்குக் கறுப்புக் கோட்டு, நான் எப்பவும் சமையலறைலதானேன்னு புதுசு வாங்கல."

"பித்தான் போடாம வா" என்றான் மன்னஸ்.

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பானையை எங்க கொண்டு போறது?"

"அதை எதுக்கு நீ தூக்குற? வீட்டு ஆளு நீ. உக்காரு, காப்பி இருக்கு."

மூன்று பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். மன்னஸ் எழுந்து போகும்போது கதவு திறந்தே கிடந்தது.

*

வெள்ளிக்கிழமை மூடுபனி. மாட்டுக்கூடத்தின் பெரிய கதவுகளை ரூலொஃப் திறந்தான். செத்தவர்கள் அந்தக் கதவு வழியாகத்தான் போவார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மாடுகள் சங்கிலியை இழுத்துத் திரும்பிப் பார்த்தன.

வண்டிக்குப் பின்னால் மன்னஸும் கெர்டாவும். அதற்குப் பின்னால் சாண்டர், ஹார்ம், ஃபென்னா. ஃபென்னாவின் கோட்டு முன்னால் திறந்து கிடந்தது. சாலையோரத்தில் நின்ற ஊர்க்காரர்கள் முதலில் ரூலொஃபைப் பார்த்தார்கள், பிறகு பின்னால் நடப்பவர்களைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் தலையைச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னஸ் அவர்களை நேராகப் பார்த்தான். அவர்கள் தலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

கல்லறை கேட்டில் பெட்டியைத் தோளுக்கு மாற்றும்போது ரூலொஃப் வழக்கம்போல ஒரு பக்கம் தாழ்ந்தான். பெட்டி சாய்ந்தது. ஹார்மின் கை தானாக முன்னால் நீண்டது, ஒரு காலும் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டது. மன்னஸ் திரும்பாமலே அவன் சட்டைக் கையைப் பிடித்தான்.

"அவனே பாத்துப்பான்."

"இடிப்பான்யா."

"இடிக்கட்டும்."

இடிக்கவில்லை. ஹார்ம் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தான்.

போதகர் படித்தார். நீளமாகப் படித்தார். அவருக்கு டீனாவை மூன்று வருஷமாகத்தான் தெரியும், அதனால் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டியை இறக்கினார்கள். வீட்டார் ஒவ்வொருவராகப் போய் மண் போட்டார்கள். ஃபென்னாவின் முறை வந்தபோது அவள் சுற்றிலும் பார்த்தாள், யாராவது தடுப்பார்கள் என்பது போல. பிறகு குனிந்து கையால் அள்ளினாள். மண் அள்ளும் கரண்டி பக்கத்திலேயே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மண்ணைப் போட்ட பிறகும் அங்கேயே நின்றாள். வரிசை காத்திருந்தது. போதகர் தொண்டையைச் செருமினார். மன்னஸ் போதகரை ஒரு பார்வை பார்த்தான். அவர் பிறகு செருமவில்லை.

ஃபென்னாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. கெர்டா அவளிடம் போனாள். மன்னஸ் குழிக்கு அந்தப் பக்கம் இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கம்பி அறுந்திருந்தது.

மண்டபத்தில் வீட்டாருக்கு என்று ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஐந்து நாற்காலிகள். ஃபென்னா கோட்டைக் கழற்றாமல் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். உள்ளே சமையலறையில் ஏதோ தட்டு விழுந்தது. அவள் பாதி எழுந்தாள். ஹார்ம் அவளைப் பார்த்தான். உட்கார்ந்தாள். திராட்சை ரொட்டி வந்தது. கொஞ்சம் தடிமனாக வெட்டியிருந்தார்கள். ஃபென்னா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அலெய்டா காப்பிப் பானையோடு வந்தாள். முதலில் மன்னஸுக்கு ஊற்றினாள், பிறகு கெர்டாவுக்கு, பிறகு ஃபென்னா பக்கம் வந்தாள். எத்தனையோ சாவுகளுக்கு இருவரும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்று ரொட்டி வெட்டியவர்கள். ஒருத்தி காப்பி எப்படிக் குடிப்பாள் என்று இன்னொருத்திக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அலெய்டா கொஞ்சம் குனிந்தாள். வீட்டாரிடம் பேசுகிற தணிந்த குரலில் கேட்டாள்.

"பால் ஊத்தட்டுமா ஃபென்னா?"

ஃபென்னா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கொஞ்சமா" என்றாள். கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.